அசையாத கையில் கட்டினால் எல்லாமே தூக்கம்தான்: தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கப் பட்டைகள், ஒரு மதிப்பீடு

கழுத்துக்குக் கீழே அசைவு இல்லாதவரின் மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் பேண்டைக் கட்டிவிட்டு, காலையில் ஆப்பைத் திறந்து பாருங்கள். எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் என்று தாராளமாகக் காட்டும். அவரோ விடிய விடிய விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார். பேண்ட் பழுதில்லை. தூங்கினாரா என்று தீர்மானிக்க அது பெரும்பாலும் நம்புவது அசைவைத்தான். அசைவு இல்லாத நேரத்துக்கெல்லாம் தூக்கம் என்று பெயர் வைக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். மோட்டார் ஓடவில்லை என்பதற்காகக் கிணறு வற்றிப்போச்சு என்று யாராவது சொல்வார்களா? கரண்ட் இல்லாமலும் இருக்கலாமே.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், அவிநாசி ரோட்டில் பைக்கில் அடிபட்டவர்கள் என்று தண்டுவட பாதிப்போடு வாழ்பவர்கள் கொங்குப் பகுதியில் நிறையப் பேர். அவர்கள் வீடுகளில் இப்போது பேண்ட் வாங்கிக் கட்டுவது சகஜமாகிவிட்டது. இந்தக் கருவிகளை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது, எங்கே கட்ட வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீடு. முக்கியமாகப் பார்ப்பது ஆக்ஸிவிட்டி ஏஎக்ஸ்3 என்ற ஆய்வு வகைச் சென்சார். கூடவே கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்மார்ட் பேண்டுகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படுத்த நேரம், எழுந்த நேரம், இரவில் எத்தனை முறை அசைவு வந்தது, கால் இழுப்பு எந்த மணிக்கு அதிகம், மருந்து மாற்றிய பிறகு முன்னைக்கு இப்போது எப்படி: இவற்றுக்கு ஏஎக்ஸ்3 நல்ல கருவி. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்ற ஒற்றை எண்ணுக்கு இரண்டுமே உதவாது.

<b>எண் எங்கே தப்பாகிறது</b>

பட்டைக்குள் இருப்பது அசைவை அளக்கும் முடுக்கமானி. அசைவை 30 வினாடிக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு எண்ணாகச் சுருக்குவார்கள். 1992-இல் வந்த கோல்-கிரிப்கே முறை, ஒரு நிமிடத்தின் எண்ணோடு அதற்கு முந்தைய 4 நிமிடங்களையும் பிந்தைய 2 நிமிடங்களையும் எடை போட்டுக் கூட்டி, தூக்கமா விழிப்பா என்று தீர்மானிக்கும். 1994-இல் வந்த சாடே முறை 11 நிமிட ஜன்னலைப் பார்க்கும். இரண்டையும் உருவாக்கியது கை கால் நன்றாக அசையும் ஆட்களின் பதிவுகளை வைத்து.

அப்படிப்பட்டவர்களிடமே இந்த முறைகளுக்கு ஒரு சாய்வு உண்டு. தூங்கும்போது தூக்கம் என்று சொல்வதில் கெட்டிக்காரத்தனம், விழித்திருக்கும்போது விழிப்பு என்று சொல்வதில் மந்தம். 2013-இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில், மூளை அலைப் பதிவோடு வைத்துப் பார்த்தபோது, தூக்கத்தை 97 சதவீதம் சரியாகச் சொன்ன பட்டை, விழிப்பை 33 சதவீதம்தான் பிடித்தது. பேசாமல் படுத்துக்கொண்டு யோசனையில் இருப்பவரை அது தூங்குகிறார் என்றே எழுதிக்கொள்கிறது. திரும்பிப் படுக்கவே முடியாதவருக்கு இந்த 33-உம் இன்னும் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். இரவு 9 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழுகிறார்: 540 நிமிடம். உண்மையில் தூங்கியது 360, விழித்துக் கிடந்தது 180 என்று வைத்துக்கொள்வோம். விழிப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 நிமிடத்தைத்தான் பட்டை பிடிக்கும். இன்னொரு பக்கம், மூன்று முறை திருப்பிப் போட்டபோது அவர் தூக்கம் கலையாமலே இருந்தாலும், பட்டை அதில் 20 நிமிடத்தை விழிப்பு என்று எழுதும். மிச்சம் 460. அதாவது 7 மணி 40 நிமிடம், தூக்கத் திறன் (படுத்திருந்த நேரத்தில் தூங்கியதன் பங்கு) 85 சதவீதம். 85-க்கு மேலே போனால் நல்ல தூக்கம் என்பது வழக்கமான அளவுகோல். உண்மைத் திறனோ 67. தூக்கமே இல்லை என்று புலம்புகிறவரிடம் இந்தத் தாளைக் காட்டி, “பாருங்க, நல்லாத்தான் தூங்கறீங்க” என்று வாயை அடைப்பதுதான் இதனால் நடக்கும் பெரிய கெடுதல்.

தப்பு இரண்டு திசையிலும் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அசையாமல் விழித்திருப்பது தூக்கம் ஆகிறது. தூக்கத்தில் வரும் ஸ்பாசம் (தசை இழுப்பு), மற்றவர் திருப்பிப் போடுவது, டியூப் போட்டு யூரின் எடுப்பது எல்லாம் விழிப்பு ஆகின்றன. சில இரவுகளில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மொத்த எண் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பட்டை சரியாக வேலை செய்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

<b>ஏஎக்ஸ்3: கையில் எடுத்தால்</b>

11 கிராம் எடை. தீப்பெட்டியைவிடச் சின்னது. திரை கிடையாது, பட்டன் கிடையாது, இதயத் துடிப்பு கிடையாது, ஆப் கிடையாது. மூன்று அச்சு முடுக்கமானி, வெப்பம் அளக்கும் சென்சார், ஒளிச் சென்சார், 512 எம்பி நினைவகம், ஒரு கடிகாரம், அவ்வளவுதான். வினாடிக்கு 100 பதிவு (100 ஹெர்ட்ஸ்) வீதம் வைத்தால் சுமார் 14 நாள் ஓடும். தண்ணீர் பட்டால் பயமில்லை. பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வாரம் மணிக்கட்டில் கட்டியிருந்தது இதைத்தான். ஜெனிஆக்டிவ், ஆக்டிகிராஃப் கருவிகளும் ஏறக்குறைய இதே ஜாதி. பழைய கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஆக்டிவாட்ச்சைத் தேடி அலைய வேண்டாம். பிலிப்ஸ் அதை நிறுத்திவிட்டது.

ஸ்மார்ட் பேண்டைவிட இதை ஏன் மேலே வைக்கிறோம் என்றால், கச்சாப் பதிவு முழுவதும் நம் கைக்கு வருகிறது. எந்தக் கணக்கு முறையில் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். பேண்ட் கம்பெனி தரும் ஆப்பில் முடிவு மட்டும்தான் வரும், வழி தெரியாது. ஃபிட்பிட் தன் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது: சுமார் ஒரு மணி நேரம் அசைவில்லாமல் இருந்தால் தூங்குவதாக எடுத்துக்கொள்வோம் என்று. சி5 (கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம் மட்டம்) பாதிப்பு உள்ளவர் டிவியில் ஒரு முழு கிரிக்கெட் மேட்ச் பார்த்தால் இந்த நிபந்தனை எத்தனை முறை நிறைவேறும்!

விலையைப் பொறுத்தவரை, பேண்ட் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஏஎக்ஸ்3 வெளிநாட்டுச் சரக்கு. சுங்கம், கூரியர் எல்லாம் சேர்த்து என்ன வருகிறது என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று என்று வாங்குவது வீண். பிசியோதெரபி மையமோ, மறுவாழ்வு மையமோ நான்கைந்து வாங்கி, ஆளுக்கு இரண்டு வாரம் என்று சுற்றில் விடுவதுதான் கட்டுப்படியாகும்.

<b>எந்தக் கையில், எந்த இடத்தில்</b>

வழக்கமாக எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருப்பது, பழக்கமில்லாத கையின் மணிக்கட்டில் கட்டுங்கள் என்று. இவர்களுக்கு அந்த விதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். எங்கே தானாக அசைவு இருக்கிறதோ அங்கே கட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருப்பார். அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டை உட்காரும் இடத்தை நகர்த்தும் தசைக்கு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டலாம். கீழே இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல்.

நெஞ்சுக்குக் கீழே பாதிப்பு என்றால் பிரச்சினை குறைவு. கைகள் முழுதாக வேலை செய்யும், மணிக்கட்டே போதும். கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே புரண்டு படுப்பதும் பதிவாகிவிடும். சி7, சி8-க்கும் மணிக்கட்டு சரி. சி6-இல் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடியும், முழங்கை மடங்கும், எனவே மணிக்கட்டுக்குச் சற்று மேலே கட்டினால் பதிவு நன்றாக வரும். ஸ்ப்ளின்ட் (கையைத் தாங்கும் அச்சு) போடுபவருக்கு ஸ்ப்ளின்ட்டுக்கு மேலே கட்ட வேண்டும், அதற்குள்ளே செருகவே கூடாது.

சி5-தான் ஏமாற்றும் நிலை. முழங்கை மடங்கும், தோள் தூக்கும். பகலில் மணிக்கட்டுப் பதிவு அழகாக இருக்கும். இரவில் போர்வைக்குள் கையை நீட்டி வைத்துவிட்டால், போர்வைக் கனத்தை மீறித் தூக்க வலு இருக்காது. கோடு செத்துவிடும். இரண்டு கையில் வலுவான கை எதுவோ அதில், கையைப் போர்வைக்கு வெளியே வைத்துப் பதிவு செய்யுங்கள்.

சி4, அதற்கும் மேலே என்றால் கையை மறந்துவிடுங்கள். தலை திரும்பும், தோள் குலுங்கும். அகலமான மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்து நெற்றிப் பட்டையாகப் போட்டால் தலை அசைவு பதிவாகும். தலையில் தொடு உணர்வு இருப்பதால் உறுத்தினால் அவரே சொல்லிவிடுவார், இது பெரிய வசதி. இரண்டாவது சென்சார் இருந்தால் தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே, மேல் வயிற்றில் வையுங்கள். மூச்சு ஏறி இறங்கும் சாய்வு அதில் தெரியும். நெஞ்சில் வைத்தால் குழப்பம்தான். விலா தசைகள் செயலிழந்தவர்களுக்கு மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்பும், நெஞ்சு உள்ளே போகும்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தவர்களுக்கு நல்ல கையில்தான் கட்ட வேண்டும். விழுந்த கையில் கட்டினால் தூக்கம் கூடுதலாகக் காட்டும். நல்ல கையால் ஒற்றைக் கையாகப் பட்டையை மாட்டவோ கழற்றவோ முடியாது, அதற்கு ஆள் வேண்டும். போலியோவுக்கு இரண்டு கையில் வலுவானது எதுவோ அது. தொடு உணர்வு இருப்பதால் தோல் பயம் இல்லை.

கணுக்காலில் கட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், அது இழுப்பை எண்ணுவதற்கு மட்டும்தான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2018 வழிகாட்டுதலில், தூக்கத்தில் கால் மீண்டும் மீண்டும் துள்ளும் நோயைக் கண்டறிய தசை மின்பதிவுக்குப் பதிலாக இந்தப் பட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று உறுதியாகவே எழுதியிருக்கிறார்கள். இழுப்பைக் குறைக்கும் பாக்லோஃபென் மாத்திரையை மாலையிலிருந்து படுக்கும் நேரத்துக்கு மாற்றியபின் இழுப்பு குறைந்ததா என்று ஒரே ஆளின் இரண்டு வாரங்களை ஒப்பிட மட்டும் கணுக்கால் பதிவு பிரயோஜனப்படும். மாற்றுவது டாக்டர் வேலை. பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

<b>பட்டை, தோல்</b>

இந்தக் கருவிகளுக்கென்று விற்கும் சிலிக்கான் பட்டையை உணர்வில்லாத தோலில் போட வேண்டாம். வியர்வையும் குளித்த தண்ணீரும் அடியில் தங்கும், ஓரம் பதியும், அவருக்கு எதுவும் தெரியாது. திருப்பூரில் பனியன் கழுத்துக்கும் கைக்கும் வைக்கிற ரிப் துணி இருக்கிறதே, அதுதான் இதற்குக் கச்சிதம். 5 செ.மீ. அகலத்தில் குழாய் மாதிரி இரட்டை மடிப்பாகத் தைத்து, வெளிப்பக்கம் சென்சாருக்கு ஒரு பை, பையின் வாயில் வெல்க்ரோ. தையல் மடிப்பு வெளிப்பக்கம் வர வேண்டும், தோல் பக்கம் வரக்கூடாது. எலாஸ்டிக் நாடா சேர்க்காதீர்கள். ரிப்பின் இழுவையே போதும். சென்சார் பைக்குள் ஆடினால் அந்த ஆட்டமும் பதிவாகும், எனவே பை இறுக்கமாகவும் பட்டை தளர்வாகவும் இருக்க வேண்டும். உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும். மூன்று பட்டை தைத்து வைத்தால் தினம் துவைத்து மாற்றலாம்.

முதல் நாள் அரை மணி நேரம் கட்டிக் கழற்றிப் பாருங்கள். பிறகு இரண்டு மணி நேரம். பிறகுதான் இரவு முழுக்க. அதன்பின் காலை, மாலை இரண்டு வேளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பதிந்த தடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் இனிக் கட்டக்கூடாது. நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சாயந்திரம் கை வீங்குபவர்களுக்குக் காலையில் தளர்வாக இருந்த பட்டை ராத்திரி இறுகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. டி6 (மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டம்) அல்லது அதற்கு மேலே பாதிப்பு உள்ளவர்களுக்கு, பாதிப்புக்குக் கீழே எதாவது இறுக்கினாலே ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். இறுக்கமான பெல்ட், ஷூ, பட்டை எல்லாம் இதில் சேர்த்தி. தலைவலி மண்டையைப் பிளக்கிறது, முகம் சிவக்கிறது, முகத்திலும் கழுத்திலும் மட்டும் வியர்க்கிறது என்றால் உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், கட்டியிருப்பதை எல்லாம் தளர்த்துங்கள், யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். இது அவசர நிலை.

<b>பதிவு தொடங்கும் முன்</b>

கணினியில் ஓம்ஜியுஐ என்ற இலவச மென்பொருளில்தான் கருவியை அமைக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸ், எல்லை ±8 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்க அளவு). இரண்டு வாரம் தாண்ட வேண்டுமானால் 50 ஹெர்ட்ஸ் போதும், தூக்கத்துக்கு ஒன்றும் குறையாது. முழு சார்ஜ் ஏற்றிவிட்டு அமையுங்கள். கடிகாரம் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளும், அந்தக் கணினியின் நேரம் சரியா என்று முதலில் பாருங்கள்.

பதிவு ஓடத் தொடங்கியதும் கட்டுவதற்கு முன், கருவியை மேசையில் ஆறு பக்கமும் மாற்றி மாற்றி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் அசைக்காமல் வையுங்கள். காரணம் இருக்கிறது. கச்சாப் பதிவைத் தூக்கக் கணக்காக மாற்றும் ஜிஜிஐஆர் என்ற இலவச மென்பொருள், கருவி சும்மா கிடக்கும் தருணங்களை வைத்துத்தான் அளவைத் திருத்திக்கொள்ளும். அதற்கு ஒவ்வொரு அச்சும் மேலும் கீழும் குறைந்தது 0.3 ஜி வரை சாய்ந்த பதிவுகள் வேண்டும். நடமாடுபவரின் கை ஒரு நாளில் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். வீல்சேர் கைப்பிடியில் ஒரே மாதிரி கிடக்கும் கை திரும்பாது, திருத்தம் தோற்றுவிடும். இந்தப் பன்னிரண்டு நிமிட வேலை அதைச் சரிக்கட்டும்.

குறைந்தது 7 இரவு. 14 இருந்தால் நல்லது.

<b>ஏர் பெட்டும் விசைத்தறியும்</b>

இது எந்தக் கையேட்டிலும் வராத பகுதி. படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட்டில் குழாய்கள் மாறி மாறி ஊதி இறங்கும். கை குழாய்களின் மேலே கிடந்தால் அதன் சாய்வு மெதுவாக மாறிக்கொண்டே இருக்கும். அசைவை எண்ணாகச் சுருக்கும் எண்ணிக்கை முறை (கோல்-கிரிப்கே, சாடே வகை) இந்த மெதுவான மாற்றத்தை வடிகட்டிவிடும், அதற்குப் பாதிப்பில்லை. ஜிஜிஐஆர் பயன்படுத்தும் முறை வேறு: கையின் கோணம் 5 பாகைக்கு மேல் மாறாமல் 5 நிமிடம் இருந்தால் தூக்கம். ஏர் பெட் குழப்புவது இந்தக் கோண முறையை. கைக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. வீக்கத்துக்கும் நல்லது. கரண்ட் போனால் மோட்டார் நின்று பெட் இறங்கும், உடம்பே சரியும், பதிவில் ஒரு பெரிய படி விழும். கரண்ட் போன நேரத்தைக் குறித்து வைத்தால் அதை விழிப்பென்று எண்ணாமல் தப்பிக்கலாம்.

விசைத்தறி இதற்கு நேர் எதிர். சோமனூர், பல்லடம், கருமத்தம்பட்டிப் பக்கம் வீட்டை ஒட்டியே தறி ஷெட் இருக்கும், ராத்திரி ஷிப்ட் ஓடும். சாதாத் தறியில் நாடா நிமிடத்துக்கு 120 முறை அடிக்கிறது என்றால் வினாடிக்கு 2 அடி, அதாவது 2 ஹெர்ட்ஸ். ஆக்டிகிராஃப் எண்ணிக்கை முறையின் வடிகட்டி ஏறக்குறைய 0.25 முதல் 2.5 ஹெர்ட்ஸ் வரையிலான அசைவைத்தான் மனித அசைவு என்று உள்ளே விடும். தறியின் அடி சரியாக அந்த வாசலில் நுழைகிறது. தரை வழியாக இரும்புக் கட்டிலுக்கு ஏறினால் நிமிடத்துக்கு நிமிடம் ஒரே சீராகச் சின்ன எண் விழுந்துகொண்டே இருக்கும். அசைவே இல்லாதவரின் பதிவில் இந்தச் சின்ன எண்கூடப் பெரிசு. கோண முறைக்கு இந்த அதிர்வு ஒரு பொருட்டே இல்லை.

சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பைப் போனில் போடுங்கள். தறி ஓடும்போது போனைக் கட்டில் சட்டத்தில் வைத்து முடுக்க அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 2 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூர்மையாக ஒரு முனை நின்றால் கட்டில் காலுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள். வீல் பூட்டை விட்டுவிடாமல் வையுங்கள், கட்டில் நகர்ந்தால் வேறு வம்பு. அப்படியும் நின்றால், ஏர் பெட் இல்லாத வீட்டுக்குக் கோண முறை, ஏர் பெட்டும் தறியும் சேர்ந்த வீட்டுக்குத் தலையணையோடு கோண முறை.

<b>குறிப்பு நோட்டு இல்லாமல் கட்டாதீர்கள்</b>

பட்டைப் பதிவு பாதி, நோட்டுப் பதிவு பாதி. விளக்கை அணைத்த நேரம், டிவி அணைத்த நேரம், திருப்பிப் போட்ட ஒவ்வொரு நேரம், டியூப் போட்ட நேரம், பெரிய இழுப்பு, மாத்திரை, கரண்ட், பட்டையைக் கழற்றி மாட்டிய நேரம். எழுதுவது பார்த்துக்கொள்பவர். போன் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். பாதி வீடுகளில் சுவர்க் கடிகாரத்தை ஐந்து பத்து நிமிடம் முன்னால்தான் ஓட விட்டிருப்பார்கள். அந்த வித்தியாசத்தில் திருப்பிப் போட்டதும் பதிவில் தெரியும் அசைவும் பொருந்தாமல் போகும்.

திருப்பிப் போட வரும்போது, “ஏனுங்ணா, தூங்கீட்டீங்களா?” என்று கேட்கும் பழக்கம் உண்டு. பாசம்தான், ஆனால் அந்தக் கேள்வியே தூங்கியவரை எழுப்பிவிடும். அவராகப் பேசினால் மட்டும் நோட்டில் ஒரு டிக். விழித்துக் கிடந்த நேரத்தை அவரே சொல்ல வேண்டும் என்றால் போனில் குரல் உதவியைத் திறந்து வைத்து, விழிப்பு வரும்போது ஒரு வார்த்தை சொல்லிப் பதிய வைக்கலாம். பட்டையால் பிடிக்க முடியாத அசையாத விழிப்பைப் பிடிக்க வீட்டில் இருக்கும் ஒரே வழி இது.

படுத்த நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அட்டெண்டர் இரவு 8 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் 7.45-க்கே படுக்கையில் போட்டுவிடுவார். தூங்கலாம் என்று கண்ணை மூடுவது 10.30-க்கு. இந்த இரண்டே முக்கால் மணி நேரத்தைப் படுக்கை நேரத்தில் சேர்த்தால் எந்தக் கணக்கும் உருப்படாது. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஜிஜிஐஆருக்கு இரண்டாவது நேரத்தை சிஎஸ்வி கோப்பாக (எளிய அட்டவணைக் கோப்பு) கொடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் வீல்சேரில் அசையாமல் இருந்த மாலையையும் இரவோடு ஒட்டிவிடும்.

அதே மென்பொருளில் இன்னொரு சிக்கல். பட்டை கழற்றப்பட்டதா என்று 60 நிமிட ஜன்னலில் பார்க்கும். மூன்றில் இரண்டு அச்சுகளில் ஆட்டம் 13 மில்லி ஜி-க்குக் கீழே, வீச்சு 50 மில்லி ஜி-க்குக் கீழே என்றால் கட்டவில்லை என்று முடிவு கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே அசைக்கப்படும் கைக்கு இது தினசரி நிலை. நல்ல இரவையே செல்லாத இரவு என்று ஒதுக்கிவிடும். அப்போது வெப்பப் பதிவைப் பார்த்து உறுதி செய்யலாம்: கட்டியிருந்தால் தோல் சூடு தெரியும். மார்கழியில் கோவையில் இது சுலபம், அறை குளிர்ந்திருக்கும். சித்திரையில் ஈரோட்டிலும் கரூரிலும் அறைச் சூடே தோல் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கோடு பிரிந்து தெரியாது. அப்போது நோட்டுதான் சாட்சி.

<b>ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம்</b>

ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஸ்மார்ட் பேண்ட் காட்டும் வண்ணப் பிரிவுகளைக் கழுத்துப் பாதிப்பு உள்ளவர்கள் அப்படியே புறக்கணிக்கலாம். அந்தப் பிரிப்பு இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை வைத்துச் செய்வது. இதயத்தை முடுக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதியிலிருந்து வருகின்றன. கழுத்தில் அறுந்தால் மூளையின் கட்டளை அங்கே போகாது, ஏற்ற இறக்கத்தின் கணக்கே மாறிவிடும். போதாததற்கு, சில்லிட்ட கையில் பச்சை ஒளிச் சென்சாருக்குத் துடிப்பே சரியாகக் கிடைக்காது.

மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் விஷயமும் இங்கேதான் வருகிறது. இரவானதைக் கண்ணிலிருந்து அறிந்த மூளை, அந்தச் செய்தியைக் கழுத்துத் தண்டுவடம் வழியாக மேல் மார்புப் பகுதிக்கு இறக்கி, அங்கிருந்து கழுத்து நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மேலே பீனியல் சுரப்பிக்கு அனுப்புகிறது. கழுத்தில் முழுமையாக அறுந்தவர்களுக்கு இந்தச் சுற்று துண்டாகி, இரவு மெலடோனின் ஏறுவதே இல்லை. நேரங்கெட்ட நேரத்தில் தூக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பட்டை இங்கே உண்மையாகவே உதவும்: தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போகிறதா, பகல் குட்டித் தூக்கம் எங்கே விழுகிறது என்பது 14 நாள் படத்தில், நோட்டோடு சேர்த்து வைத்தால், டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும்.

மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார்கள் மூச்சையும் துடிப்பையும் அதிர்விலிருந்து எடுப்பவை. அசையாதவர்களுக்குக் கொள்கையளவில் பட்டையைவிடப் பொருத்தம். தோலில் எதுவும் படாது. ஆனால் மேலே ஏர் பெட் மோட்டார் ஓடும் வீட்டில் வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

<b>ஸ்லீப் ஸ்டடிக்குப் போகும்போது</b>

குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது இருந்தால் பட்டையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கழுத்துப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அசைவுச் சென்சாரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மூச்சு நின்று ஆக்சிஜன் இறங்கி மூளை விழித்தாலும் கை அசையாது. மணிக்கு 5 முறைக்கு மேல் மூச்சுத் தடைப்பட்டால் நோய், 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை என்பது கணக்கு. இதைச் சொல்ல மூச்சுக் காற்று, வயிற்று அசைவு, ஆக்சிஜன் மூன்றையும் இரவு முழுக்கப் பதிய வேண்டும்; அந்தப் பரிசோதனைதான் ஸ்லீப் ஸ்டடி.

கோவையின் பெரிய மருத்துவமனைகளில் ஸ்லீப் ஸ்டடி செய்கிறார்கள். தேதி வாங்கும்போதே போனில் கேட்டுவிடுங்கள்: கட்டில் வீல்சேர் உயரத்துக்கு இறங்குமா, நம் ஏர் பெட்டை மேலே போட விடுவார்களா, திருப்பிப் போட ஆள் கூடவே இரவு தங்கலாமா, டியூப் போட இடம் உண்டா. முடியாது என்றால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சின்னக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்துப்போக வேண்டியது 14 நாள் படம், நோட்டு, மாத்திரைச் சீட்டு. பாக்லோஃபென், பிரகாபலின் போன்றவை பகலிலும் மயக்கம் தரும் என்பதால் எந்த மணிக்கு எவ்வளவு என்பது முக்கியம். ஜிஜிஐஆர் அறிக்கையில் மொத்தத் தூக்கம், தூக்கத் திறன் என்று வரும் பக்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.